தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு ஆலோசனை நிறுவனங்களால் உண்மையான பயன் உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மென்பொருள் நிறுவனம் நடத்துபவர்களும், இப்போதுதான் தொடங்கியிருக்கும் இளையவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டுவரும் கேள்விகளை இங்கே ஒழுங்குபடுத்தித் தந்திருக்கிறேன். நான் ஆறு ஆண்டுகள் கொழும்பில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேலை செய்தவன். அதன்பின் ஊருக்குத் திரும்பி, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அன்றாட நிர்வாகத்தைப் பார்த்துவருகிறேன். ஆலோசனையை விற்ற இடத்திலும் வாங்கிய இடத்திலும் இருந்திருப்பதால், இரண்டு பக்கத்துக் கணக்கையும் மறைக்காமல் எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

ஆலோசனை நிறுவனம் என்று யாரைச் சொல்கிறீர்கள்? எல்லாம் ஒரே தொழில்தானா?

இல்லை. அந்த ஒரு பெயருக்குள் குறைந்தது நான்கு தொழில்கள் அடங்கிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பாராமல் பயன் உண்டா இல்லையா என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. முதலாவது, ஒரு நிறுவனம் எந்தச் சந்தையில் இறங்குவது, எதை விட்டு விலகுவது என்று மேல்மட்டத்துக்கு வழி சொல்பவர்கள். 1926 இல் தொடங்கிய மெக்கின்சி, 1963 இல் தொடங்கிய பொஸ்ரன் கொன்சல்ரிங் குழுமம், 1973 இல் தொடங்கிய பெயின் ஆகியவை இந்த வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது, கணக்காய்வில் வேரூன்றி ஆலோசனைக்குக் கிளை பரப்பிய டெலோய்ட், பிடபிள்யூசி, ஈவை, கேபிஎம்ஜி ஆகிய நான்கும். மூன்றாவது, மென்பொருள் முறைமைகளை வடிவமைத்து, நிறுவி, இயக்கிக் கொடுப்பவர்கள். அக்செஞ்சர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நான்காவது, ஒரு துறையில் இருபது வருடம் உழைத்துவிட்டுத் தனியாளாகவோ மூன்று நான்கு பேராகவோ ஆலோசனை சொல்பவர்கள்.

அக்செஞ்சர் முன்னர் அன்டர்சன் கொன்சல்ரிங் என்ற பெயரில், ஆர்தர் அன்டர்சன் என்ற கணக்காய்வு நிறுவனத்தின் கிளையாக வளர்ந்தது. 2001 ஜனவரியில் அது புதுப்பெயர் பெற்றுப் பிரிந்து நின்றது. அடுத்த ஆண்டே தாய் நிறுவனமான ஆர்தர் அன்டர்சன், தான் கணக்காய்வு செய்த என்ரோன் என்ற எரிசக்தி நிறுவனத்தின் கணக்கு மோசடி விவகாரத்தில் சரிந்தது. கணக்கைச் சரிபார்க்கும் அதே கை அதே வாடிக்கையாளருக்கு ஆலோசனையும் விற்கலாமா என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்து, அமெரிக்காவில் 2002 இல் வந்த சட்டம் அதற்குக் கடுமையான வரம்புகளை இட்டது. யார் யாருக்காக உழைக்கிறார், யாரிடமிருந்து காசு பெறுகிறார் என்று விசாரிப்பது நாங்களும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று.

நேரடியாகச் சொல்லுங்கள்: பயன் உண்டா?

உண்டு, ஆனால் அது ஆலோசகர் கொண்டுவரும் பொருளல்ல. நிறுவனத்துக்குள் தெளிவான ஒரு கேள்வி இருந்து, விடையைக் கையேற்று நடத்துவதற்கு ஓர் ஆளும் இருந்தால் ஆலோசனை பயன் தரும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு பெரிய பெயரை அழைத்துவந்தாலும் பணம் வீண்போகும். கீழே எழுதியிருப்பவை அனைத்தும் இதன் விரிவுதான்.

இதை யாராவது முறையாக அளந்து பார்த்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றில் மிகவும் கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வு, நிக்கலஸ் புளூமும் அவருடன் சேர்ந்த பொருளியலாளர்களும் மும்பையைச் சுற்றியுள்ள புடவை ஆலைகளில் நடத்தி, 2013 இல் வெளியிட்டது. 17 நிறுவனங்களின் ஆலைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் இரு பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரு மாதம் குறைகளைக் கண்டறிந்து சொன்னதோடு நிறுத்திக்கொண்டார்கள். மற்றப் பகுதிக்கு அதற்கு மேலும் நான்கு மாதங்கள் ஆலோசகர்கள் ஆலைக்குள்ளேயே நின்று மாற்றங்களைச் செய்வித்தார்கள். ஆலைக்காரர்கள் இதற்குக் கட்டணம் செலுத்தவில்லை. ஆலோசகர்கள் அக்செஞ்சரிலிருந்து வந்தவர்கள். முதல் ஆண்டிலேயே, மாற்றம் செய்யப்பட்ட ஆலைகளின் உற்பத்தித்திறன் 17 விழுக்காடு கூடியது.

அவர்கள் செய்வித்தது அப்படியொன்றும் அரிய வித்தையல்ல. எந்த இயந்திரம் எத்தனை முறை பழுதாகிறது என்று எழுதிவைப்பது, துணியில் விழும் குறைகளை வகை பிரித்து நாள்தோறும் பார்ப்பது, நூல் கையிருப்பைக் கணக்கில் வைப்பது, தேவையற்ற பொருள்கள் குவிந்து கிடந்த தளத்தை ஒழுங்குபடுத்துவது என்று 38 நடைமுறைகளை வரிசைப்படுத்தியிருந்தார்கள். இவ்வளவு இலாபம் தரக்கூடியதை ஆலைச் சொந்தக்காரர்கள் ஏன் தாமாகச் செய்யவில்லை என்று பார்த்தபோது, சிலருக்கு அப்படியொரு நடைமுறை இருப்பதே தெரியாது, தெரிந்த பலருக்கோ அது தங்களுக்குத் தேவை என்ற எண்ணம் இல்லை என்பது வெளிப்பட்டது.

இந்த ஆய்வின் இரண்டாம் பகுதி எனக்கு முதற் பகுதியைவிட முக்கியமானது. எட்டு ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே ஆலைகளுக்குத் திரும்பிச் சென்று பார்த்தார்கள். புகுத்தப்பட்ட நடைமுறைகளில் ஏறத்தாழ அரைவாசி கைவிடப்பட்டிருந்தது. மிஞ்சியிருந்த அரைவாசியே மற்ற ஆலைகளிலிருந்து இவற்றைத் தெளிவாக உயர்த்திக் காட்டியது. கைவிடப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் முன்னின்றவை இரண்டு: ஆலை முகாமையாளர் மாறிப்போனது, பொறுப்பான பணிப்பாளருக்கு நேரம் இல்லாமற்போனது. நான் பின்னர் நேரிலே கண்டதும் இதுவேதான். ஆலோசகர் போய்விடுவார், போகத்தான் வேண்டும். அவர் தொடக்கியதை மறுநாள் காலையில் யார் செய்யப்போகிறார் என்பது அவர் வரும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மெக்சிக்கோவின் புவெப்லா மாநிலத்திலும் 432 சிறு, நடுத்தர நிறுவனங்களை வைத்து இதுபோன்ற ஆய்வொன்று நடந்தது. அவற்றில் 150 நிறுவனங்களுக்கு ஓராண்டு காலம், வாரத்துக்கு நான்கு மணித்தியாலம் ஆலோசனை வழங்கினார்கள். ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த நிறுவனங்களில் வேலை செய்வோரின் தொகை மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்திருந்தது.

அவை புடவை ஆலைகளும் சிறு கடைகளும். மென்பொருள் நிறுவனத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?

நியாயமான கேள்வி. ஆலையில் இயந்திரம் கண்முன்னே நிற்கிறது. வெளியாள் ஒருவர் ஒரு கிழமை சுற்றி நடந்தாலே நிறையக் கண்டுபிடித்துவிடலாம். மென்பொருள் நிறுவனத்தின் சொத்து அப்படிக் கண்ணில் படுவதில்லை. பாதி நிரலுக்குள் இருக்கிறது, மீதி அதை எழுதியவர்களின் தலைக்குள் இருக்கிறது. அந்த நிரலை வாசிக்கத் தெரியாத ஆலோசகர், நேர்காணல்களில் சொல்லப்பட்டதைத் தொகுத்துத் தருவதற்கு மேல் அதிகம் செய்ய முடியாது. அதோடு, தொழில்நுட்பத் துறையில் நேற்றைய தரவை வைத்து நாளைய சந்தையைச் சொல்வது மற்றத் துறைகளைவிடக் கடினம். 1980 களில் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏ.டி. அன்ட் டி.க்கு மெக்கின்சி கொடுத்த மதிப்பீடு இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். 2000 ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 9 இலட்சம் கைப்பேசிகளே பாவனையில் இருக்கும் என்றது அந்த மதிப்பீடு. அந்த ஆண்டு வந்தபோது அமெரிக்காவில் மட்டும் 10 கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் இருந்தன. ஏ.டி. அன்ட் டி. 1994 இல் மக்கோ செல்லுலர் நிறுவனத்தை 1,100 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வாங்கித்தான் அந்தச் சந்தைக்குள் பெரிதாக நுழைய முடிந்தது. மதிப்பீடு செய்தவர்கள் மூளை குறைந்தவர்கள் அல்லர். அன்றைய கைப்பேசியின் பாரத்தையும் விலையையும் வைத்துக் கணக்குப் பார்த்தார்கள். மாறப்போவது அந்தப் பாரமும் விலையுமேதான் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1993 இல் ஐபிஎம் ஏறத்தாழ 800 கோடி டொலர் நட்டத்தில் தத்தளித்தது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்துவிடுவது என்ற திட்டம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வேளையில் லூ கேஸ்ற்னர் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவர் மெக்கின்சியில் பல ஆண்டுகள் இருந்தவர். பிரிப்பதை நிறுத்தி, நிறுவனத்தை ஒன்றாகவே வைத்து, சேவைத் துறைப் பக்கம் திருப்பினார். ஆலோசகரின் பயிற்சி வீண் அல்ல என்பதற்கு இது சான்று. ஆனால் அந்த முடிவை எடுத்தபோது அவர் ஆலோசகர் அல்லர், விளைவைத் தானே சுமக்கும் நாற்காலியில் இருந்தார்.

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாத எதை வெளியாள் வந்து சொல்லிவிடப்போகிறார்?

பெரும்பாலும் எதையும் இல்லை. முற்றத்து மல்லிகை மணக்காது என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது இந்த இடத்தில் அப்படியே பொருந்தும். எங்கள் நிறுவனத்தில் நடந்ததையே எழுதுகிறேன்.

பரமேஸ்வராச் சந்திக்கு அருகே ஒரு மாடி வீட்டில் 22 பேருடன் இயங்கிய காலம். கனடாவில் உள்ள தமிழ்ப் பலசரக்குக் கடைகளுக்குக் கையிருப்பு, விற்பனைச் சீட்டு மென்பொருள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு கிழமைக்கொருமுறை வெளிவந்த புதிய பதிப்பு, ஆறு கிழமை கழிந்தும் வராமல் இழுபட்டது. இன்னும் நான்கு நிரலாளர்களை எடுக்க வேண்டும் என்று முதலாளி முடிவெடுக்கும் தறுவாயில், கொழும்பில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவுகளை நீண்டகாலம் நடத்திய ஓர் அம்மையாரை எட்டு நாளுக்கு மட்டும் அழைத்தோம்.

அவர் முதல் நாள் யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. கோடைகாலத்தில் ரொறொன்ரோவில் காலை ஒன்பது மணி என்றால் எங்களுக்கு மாலை ஆறரை. அந்த நேரத்தில்தான் கடைகள் திறந்து, தொலைபேசி அலறத் தொடங்கும். அவர் ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியுடன் உதவி மேசைக்குப் பக்கத்தில் கதிரை போட்டு, நள்ளிரவு வரை இருந்து, வந்த ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கோடு இழுத்தார். மூன்று இரவில் 61 அழைப்புகள். அவற்றில் 38 ஒரே விடயத்தைப் பற்றியவை. ஒன்ராறியோவில் அரிசிக்கு விற்பனை வரி இல்லை, உப்பிட்ட கச்சானுக்கு 13 விழுக்காடு உண்டு. கடைக்காரர் புதிய பொருள் ஒன்றைப் பதியும்போது அது எந்த வகை என்று எங்கள் மென்பொருள் கேட்கவில்லை. தானாகவே ஒன்றை எடுத்துக்கொண்டது. சீட்டில் வரி பிழைத்தபின் கடைக்காரர் அழைப்பார். நிரலாளர் ஒருவர் கைவேலையை விட்டெழும்பி, அந்தக் கடையின் தரவுத்தளத்துக்குள் போய்த் திருத்துவார். புதிய பதிப்பு இழுபட்டதற்குக் காரணம் ஆட்குறைவு அல்ல, இந்தத் திருத்தல்தான்.

நான்காம் நாள் அவர் முதலாளியின் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று அவருடைய கோடுகள். மற்றது, எங்கள் சோதனைப் பிரிவில் இருந்த தங்கச்சி ஒருத்தி ஐந்து மாதங்களுக்கு முன் குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சலின் அச்சுப்படி. அதே குறையும் அதற்குரிய திருத்தமும் அதிலே நாலு வரியில் இருந்தன. ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை. அந்தப் பிள்ளை அறையின் மூலையில் நின்றதையும், முதலாளி அந்தத் தாளை இரண்டு முறை வாசித்ததையும் நான் மறக்க மாட்டேன்.

அப்படியானால் நாங்கள் எதற்குக் காசு கொடுத்தோம்? கேட்பதற்கு. உள்ளே சொல்லப்பட்டதை எங்கள் காதில் விழச் செய்வதற்கு. அது உண்மையான பயன்தான், நான்கு பேரின் சம்பளத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் ஒரு நிறுவனம் தன் பணியாளரின் சொல்லைக் கேட்பதற்கு வெளியாளுக்குக் கட்டணம் செலுத்த நேர்வது வருத்தத்துக்குரியது, இரண்டாம் முறையும் அப்படிச் செலுத்த நேர்ந்தால் அது எங்கள் பிழை. அந்தச் சதுரக்கோட்டுக் கொப்பியை அவர் விட்டுச்சென்றார். இப்போது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே தங்கச்சிதான் கோடுகளைக் கூட்டிச் சொல்கிறாள்.

பெயர்பெற்ற பெரிய நிறுவனத்தையே அழைத்தால் பாதுகாப்பு அல்லவா?

பெயர் வேறு, வரும் ஆள் வேறு. பெரிய ஆலோசனை நிறுவனங்கள் கூம்பு வடிவில் அமைந்தவை. உச்சியில் இருக்கும் பங்காளர் வந்து பேசி வேலையைப் பெறுவார். அடியில் இருக்கும் இளையவர்கள் வந்து வேலையைச் செய்வார்கள். நான் 25 வயதில், அந்தத் துறையிலே என் வயதளவு அனுபவம் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் அறிக்கையை எழுதியிருக்கிறேன். அதில் 94 பக்கங்கள். பெரும்பகுதி முன்னைய வாடிக்கையாளர் ஒருவருக்குச் செய்த அறிக்கையிலிருந்து எடுத்து ஆளுக்கேற்ப மாற்றியது. ஒரு பக்கத்தின் அடியில் அந்தப் பழைய வாடிக்கையாளரின் பெயர் அழிக்கப்படாமலே போய்விட்டது. அதைக் கண்டுபிடித்தவர் வாடிக்கையாளர் தரப்பில் இருந்த ஒரு மூத்த பொறியியலாளர். அவர் கோபப்படவில்லை, தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டு வெளியே போனார். அவருடைய நிறுவனம் அந்தத் தாளுக்கும் காசு கொடுத்திருந்தது. அன்றைக்குப் பின் அந்தத் தொழிலில் நான் அதிக நாள் நிற்கவில்லை.

ஆகவே பேச்சுவார்த்தையின்போதே, எங்கள் அலுவலகத்தில் வந்து இருக்கப்போகும் ஆட்கள் யார், அவர்கள் இதற்கு முன் இதே வேலையை எங்கே செய்தார்கள் என்று கேளுங்கள். வரப்போகிறவருடனேயே ஒரு மணித்தியாலம் பேசுங்கள். பெரிய பெயர், பெரிய வாடிக்கையாளருக்குக்கூடக் காவல் அல்ல. வாடகைக் கார் நிறுவனமான ஹேர்ட்ஸ், தன் இணையத்தளத்தையும் செயலியையும் புதுப்பிக்கும் வேலை நிறைவேறவில்லை என்று சொல்லி, கொடுத்த 3.2 கோடி டொலருக்கும் மேலான கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு 2019 இல் அக்செஞ்சர் மீது வழக்குத் தொடர்ந்தது. அக்செஞ்சர் அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. யார் பக்கம் நியாயம் என்பதைவிட, வேலை முடிந்தது என்பதற்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட அடையாளம் என்ன என்ற கேள்விதான் சிறு நிறுவனங்களாகிய எங்களுக்கு உதவும்.

யாழ்ப்பாணத்தில் 20 பேருடன் நடக்கும் நிறுவனத்துக்கு எந்த ஆலோசனை உண்மையில் தேவை?

எங்கள் பிள்ளைகளுக்கு நிரல் எழுதுவதில் பெரிதாகக் குறையில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி விஞ்ஞானத் துறையிலிருந்தும் கிளிநொச்சியில் உள்ள பொறியியற் பீடத்திலிருந்தும் வருகிறவர்கள் எந்த நாட்டுக் குழுவுடனும் சேர்ந்து வேலை செய்யக்கூடியவர்கள். குறை இருப்பது விற்பதில், விலை குறிப்பதில், ஒப்பந்தம் வாசிப்பதில், வாடிக்கையாளரின் பாதுகாப்புக் கேள்விகளுக்கு விடை எழுதுவதில். இங்கேதான் வெளியாளின் அனுபவம் காசுக்குப் பெறுமதியானது.

ஒரு பிரித்தானிய நிறுவனம் உங்களுடன் வேலை செய்ய விரும்பினால், முதலில் அனுப்புவது நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் கொண்ட ஒரு பாதுகாப்பு வினாத்தாளாக இருக்கக்கூடும். தரவு எங்கே வைக்கப்படுகிறது, யார் யாருக்கு அணுகல் உண்டு, பணியாளர் விலகும்போது கடவுச்சொற்கள் எத்தனை மணித்தியாலத்தில் நீக்கப்படுகின்றன என்று கேட்டுக்கொண்டே போகும். பின்னர் தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்றிதழ் உண்டா, அமெரிக்கர் என்றால் வெளிக் கணக்காய்வாளர் தரும் எஸ்ஓசி 2 என்ற பாதுகாப்பு அறிக்கை உண்டா என்பார்கள். ஐஎஸ்ஓ சான்றிதழுக்கு உங்களைத் தயார்படுத்துபவரே சான்றிதழையும் வழங்க முடியாது. அதற்கு வேறொரு அங்கீகாரம் பெற்ற அமைப்பு வேண்டும். எஸ்ஓசி 2 இல் முதல் வகை ஒரு குறிப்பிட்ட நாளின் நிலைமையைச் சொல்லும். இரண்டாம் வகை, எழுதிவைத்த ஒழுங்குகள் பல மாதங்களாகக் கடைப்பிடிக்கப்பட்டனவா என்று பார்க்கும். ஆகவே இரண்டாம் வகை அறிக்கையைக் கிழமைக்கணக்கில் எடுத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். இந்தப் பாதையை முன்னரே நடந்த ஒருவர் உங்களுக்கு ஆறு மாதத் தடுமாற்றத்தைக் குறைத்துத் தர முடியும். நாட்டுக்குள்ளும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மருத்துவமனைக்கோ பாடசாலைக்கோ மென்பொருள் செய்பவர்கள் அதை ஒரு சட்டத்தரணியுடன் இருந்து வாசிக்க வேண்டும்.

சந்தை உத்தி சொல்லும் அறிக்கைகளை இந்த அளவு நிறுவனம் வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இருபது வாடிக்கையாளருடன் நீங்களே பேசினால் அதைவிட நல்ல அறிக்கை உங்கள் கையில் இருக்கும்.

புலம்பெயர்ந்த உறவினர் ஒருவர் இலவசமாகவே ஆலோசனை சொல்கிறார். அது போதாதா?

எங்கள் ஊருக்கு வாய்த்த பெரிய பலங்களில் இது ஒன்று. இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் கலிபோர்னியாவிலும் பெரிய நிறுவனங்களில் வேலை செய்யும் அண்ணாமாரும் அக்காமாரும் இரவு பத்து மணிக்குத் திரைக்கு முன்னால் வந்திருந்து வழி சொல்கிறார்கள். யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகள் அவர்களையும் இங்குள்ள பிள்ளைகளையும் ஒரே இடத்தில் சேர்த்துவைத்தது அருமையான தொண்டு.

ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். பத்தாயிரம் பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் சரியாக இருக்கும் ஒழுங்கு, பத்துப் பேர் இருக்கும் இடத்தில் கழுத்தை இறுக்கும். அடுத்தது, இலவசமாகச் சொல்பவரிடம் ஏன் இந்தக் கிழமை வரவில்லை என்று கேட்க முடியாது. அவர் சொன்னதைச் செய்யாமல் விட்டால் மாமா மனம் நோவாரே என்ற தயக்கமும் வந்துவிடும். ஆகவே உறவினரிடம் அறிமுகத்தைக் கேளுங்கள், அவருக்குத் தெரிந்த வாடிக்கையாளர் ஒருவரைப் பேசவைக்கச் சொல்லுங்கள். அது எந்த ஆலோசனை நிறுவனமும் விற்க முடியாத ஒன்று. காலக்கெடுவுடன் நடக்க வேண்டிய வேலையை, காசு கொடுத்து, எழுத்தில் ஒப்பந்தம் செய்து, வேறொருவரிடம் கொடுங்கள்.

கட்டணத்தை எப்படி நிர்ணயிப்பது?

வீடு கட்டிய எவருக்கும் இது தெரிந்த விடயம். மேசனுக்கு நாட்கூலி பேசினால் சுவர் மெல்ல எழும்பும். கொந்தராத்துக்குக் கொடுத்தால் விரைவாக எழும்பும், ஆனால் பூச்சுக்குள் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். ஆலோசனையும் அப்படியே. பிரச்சினை எது என்றே தெரியாதபோது, குறைந்த நாட்களுக்கு, எட்டோ பத்தோ என்று எண்ணிக் குறித்து, நாட்கூலி பேசுங்கள். பிரச்சினை தெரிந்து, செய்ய வேண்டியதும் தெளிவாக இருந்தால் கொந்தராத்து. நாட்கூலியை முடிவுத்திகதி இல்லாமல் மட்டும் தொடக்க வேண்டாம். அடுத்த வேலையைத் தேடிக்கொடுக்கும் கடமை உள்ளே வந்த ஆலோசகருக்கு அவருடைய நிறுவனத்தால் சுமத்தப்பட்டிருக்கும். எனக்கும் சுமத்தப்பட்டிருந்தது.

டொலரில் பேசுவதா ரூபாவிலா என்பதும் சிறிய விடயமல்ல. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ஐத் தொட்டபோது, உள்ளூரில் சம்பாதித்து டொலரில் கட்டணம் செலுத்த ஒப்புக்கொண்டிருந்தவர்கள் தவித்துப்போனார்கள். உங்கள் வருமானம் எந்த நாணயத்திலோ கட்டணத்தையும் அதிலேயே பேசுங்கள். கட்டணத்துக்குப் பதிலாகப் பங்கு கேட்பவரிடம் மிகுந்த எச்சரிக்கை தேவை; மூன்று மாத வேலைக்குக் கொடுத்த பங்கு முப்பது வருடமும் கூடவே இருக்கும்.

ஒப்பந்தத்தில் எதை எழுதிக்கொள்ள வேண்டும்?

முதலில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். எங்கள் நிறுவனத்தை மேம்படுத்தித் தாருங்கள் என்பது கேள்வி அல்ல. எங்கள் பதிப்பு ஏன் ஆறு கிழமை இழுபடுகிறது என்பது கேள்வி. அடுத்து, வேலை முடிந்தபின் எங்கள் கையில் எது இருக்கும் என்பதை எழுதுங்கள்: இயங்கும் நிரலா, பணியாளர்கள் பின்பற்றும் ஒழுங்கா, வெறும் அறிக்கையா. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதால், அறிக்கை மட்டும்தான் என்றால் நான் கையெழுத்திட மாட்டேன். அவருடன் கூடவே இருந்து பழகப்போகும் உங்கள் ஆளின் பெயரையும் எழுதுங்கள். அந்த ஆளின் மற்ற வேலைகளில் பாதியை அந்த நாட்களுக்கு இறக்கி வையுங்கள். மும்பை ஆலைகளில் நடைமுறைகள் கைவிடப்பட்ட கதையை நினைத்துக்கொண்டு, மூன்று மாதம் கழித்து ஒரு நாள் அவர் திரும்பி வந்து பார்ப்பதையும், கட்டணத்தின் ஒரு பகுதி அன்றைக்கே செலுத்தப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரலும் ஆவணங்களும் யாருக்குச் சொந்தம், உங்கள் தரவைக் கண்டவர் அதை எங்கே பயன்படுத்தக் கூடாது என்பவற்றைச் சட்டத்தரணி பார்த்துக்கொள்வார்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இவர்கள் தேவையா?

தகவலைத் திரட்டி அழகாக அடுக்கிக் கொடுப்பது மட்டுமே ஒருவருடைய தொழில் என்றால், அந்தத் தொழிலின் விலை இறங்கத்தான் போகிறது. ஆனால் இயந்திரம் எழுதியதைச் சரிபார்க்கும் பொறுப்பு இறங்கவில்லை. 2025 இல் அவுஸ்திரேலிய அரசுக்கு டெலோய்ட் கொடுத்த, ஏறத்தாழ 4 இலட்சத்து 40 ஆயிரம் அவுஸ்திரேலிய டொலர் பெறுமதியான அறிக்கையில், இல்லாத ஆய்வுகள் மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. அதைத் தயாரிப்பதில் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தப்பட்டது தெரியவந்து, அந்த நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் அந்த அறிக்கையை வரி வரியாக வாசித்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையையும் அப்படி வாசிக்க ஓர் ஆளை வைத்திருங்கள்.

படித்து முடித்த என் மகளுக்கு ஆலோசனை நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போகவிடலாமா?

போகட்டும். பல நிறுவனங்களின் உள்ளே பார்க்கும் வாய்ப்பும், தெளிவாக எழுதவும் பேசவும் கிடைக்கும் பயிற்சியும் வேறெங்கும் இவ்வளவு விரைவாக வாய்க்காது. அந்த ஆறு ஆண்டுகளில் நான் கற்றவற்றை இன்றும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். போகும்போது ஒன்றை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: எந்த அலுவலகத்துக்குப் போனாலும், மேலாளரின் அறைக்குள் நுழையும் முன், தொலைபேசிக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையுடன் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும்.